சங்கிலி வாள் வாங்குமுன்



எந்தக் கருவியை வாங்குவதாயினும், அது செய்ய வேண்டிய வேலை யாது என்பதை முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். இதை அறியாதார் இலர். ஆயினும் கடைப்படி ஏறியவுடன் அக்கேள்வி நம்மை விட்டு நீங்கிவிடுகிறது. பெரியது எது, மலிவானது எது என்னும் இரண்டு கேள்விகளே எஞ்சி நிற்கின்றன. அம்மிக்கல் வாங்குவதில் இவ்வாறு நேர்ந்தால் பெருங்கேடு ஒன்றும் விளையாது. சற்றுக் கூடுதலாகச் சுமக்க வேண்டிவரும், அவ்வளவே. நான் இன்று பேச எடுத்துக்கொண்ட கருவி அத்தகையதன்று. மரம் அறுக்கும் சங்கிலி வாள் அது. ‘செயின்சா’ என்று கடைகளிலும், ‘மிஷின் வாள்’ என்று எங்கள் பக்கத்துச் சிற்றூர்களிலும் வழங்குகிறது.

இதனை மாணவர்களிடம் பேசுவானேன் என்று சிலர் கேட்கலாம். காரணம் உண்டு. 2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யத்தை அடுத்துக் கரை கடந்தது. நான் வாழும் தஞ்சை மாவட்டத்துக் கடலோரப் பகுதியிலும் அண்டை மாவட்டங்களிலும் தென்னைகள் இலட்சக்கணக்கில் சாய்ந்தன. கோடரியும் கைவாளும் கொண்டு அவ்வளவையும் அப்புறப்படுத்த எவராலும் இயலவில்லை. அதன் பிறகுதான் எங்கள் ஊரில் வீடுகளுக்குள்ளும் இவ்வியந்திரம் நுழையத் தொடங்கியது. இப்போது ஒரு குடும்பத்தில் இதை வாங்க நினைத்தால், தந்தையார் கைப்பேசியைப் பிள்ளையிடம் நீட்டி, “படித்த பிள்ளை, எது நல்லது என்று நீயே பார்த்துச் சொல்” என்கிறார். உங்கள் சொல்லை நம்பி வாங்கப்படும் வாள், நாளை அவர் கையில் சுழலப்போகிறது. ஆதலின் இது உங்கள் பாடமே.

தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்று ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குக் கற்பித்தார்கள். தெரிந்த கைவாளிலிருந்தே தொடங்குகிறேன். கைவாளின் பற்கள் வலமும் இடமுமாகச் சற்றே வளைக்கப்பட்டிருக்கும். அவை மரத்தில் இரண்டு கோடுகளைக் கீறி, இடையிலுள்ள மரத்தைத் துகளாக்கி வெளியேற்றும். வாளின் பற்களை ஒரு சங்கிலியில் கோத்துச் சுழலவிடும் எண்ணம் புதியதன்று. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்காட்லாந்து நாட்டு மருத்துவர்களான ஜான் ஐட்கென், ஜேம்ஸ் ஜெஃப்ரே ஆகியோர் எலும்பை அறுப்பதற்கென ஒரு சிறு சங்கிலி வாளை ஆண்டனர். மரம் அறுக்கும் வாளின் பாட்டனார் மருத்துவமனையில் பிறந்தவர் என்பது வியப்பன்றோ! ஜெர்மனியில் ஆண்ட்ரியாஸ் ஸ்டில் என்பார் 1926இல் மின்சாரத்தால் ஓடும் சங்கிலி வாளைச் செய்தார். பெட்ரோலால் ஓடுவன அடுத்த சில ஆண்டுகளில் வந்தன.

இவற்றின் பற்களெல்லாம் கைவாளைப் பார்த்துச் செய்தவையே. அவை விரைவில் மழுங்கின, தீட்டுவதும் கடினம். 1946இல் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் ஜோசப் காக்ஸ் என்னும் மரம் வெட்டுநர் விறகு பிளந்துகொண்டிருந்தார். ஓர் அடிமரத்தில் விரல் பருமனுள்ள வண்டுப்புழு ஒன்று, மரத்தின் நரம்போட்டத்தை ஒரு பொருட்டாகக் கருதாமல், நெடுக்கிலும் குறுக்கிலும் தின்றுகொண்டு செல்வதைக் கண்டார். அதன் தாடைகளைக் கூர்ந்து நோக்கினார். அவை கீறவில்லை, வலமும் இடமுமாக மாறி மாறிச் சீவின. அத்தாடையின் வடிவில் அவர் செய்த பல்லுடைய சங்கிலி 1947இல் விற்பனைக்கு வந்தது. இன்று நீங்கள் காணும் சங்கிலி வாள்களில் மிகப் பெரும்பாலானவை அப்புழுவின் மாணாக்கர்களே. பள்ளியில் புழுவைக் கண்டால் முகம் சுளிக்கும் பிள்ளைகளுக்கு இக்கதையை நான் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

சரி, வாங்கும் செய்திக்கு வருவோம். வேண்டுமா, வேண்டாவா என்பதே முதல் தீர்மானம். வீட்டுக் கொல்லையில் ஒரு வேம்பும், இரண்டு முருங்கையும், நாலைந்து தென்னையும் நிற்கின்றன என்று கொள்வோம். இவற்றுக்குச் சங்கிலி வாள் எதற்கு? முருங்கைக்கு அரிவாளே மிகை. மணிக்கட்டுப் பருமனுள்ள வேப்பங்கிளையை, இழுக்கும்போது அறுக்கும் வளைந்த கைவாள் சிறிது நேரத்தில் துண்டித்துவிடும். ஆண்டுக்கொருமுறை பெரிய கிளை ஒன்றை இறக்க வேண்டுமானால், அத்தொழில் தெரிந்தவரை அழைத்துக் கூலி கொடுப்பதே முறை. நெல் அவிக்கும் வீட்டார், விறகடுப்பை நாள்தோறும் மூட்டும் வீட்டார், தோப்பு வைத்திருப்போர், சீமைக்கருவேலத்தை வெட்டி விறகாக்குவோர் ஆகிய இவர்களுக்கே சொந்த வாள் தேவை. இதைச் சொல்வதால் கடைக்காரர்கள் என்மேல் சினம் கொள்ளலாம், கொள்ளட்டும்.

தேவையென்று முடிவு செய்தபின், கடைக்குப் போகாதீர்கள். அளவுநாடாவை எடுத்துக்கொண்டு விறகுக் குவியலுக்குப் போங்கள். பருத்த கட்டைகளாகப் பார்த்து இருபதின் விட்டத்தை அளந்து ஏட்டில் எழுதுங்கள். நம் பக்கத்துச் சீமைக்கருவேல விறகும் சவுக்கு விறகும் பெரும்பாலும் ஒரு சாணுக்குள் அடங்குவதைக் காண்பீர்கள். சங்கிலி ஓடும் நீண்ட தகட்டை ‘பார்’ என்பர். அதன் நீளம், நீங்கள் வழக்கமாக அறுக்கும் கட்டையின் விட்டத்தைவிட 2 அங்குலம் மிகுந்திருந்தால் போதும். வீட்டு விறகுக்கு 12 அல்லது 14 அங்குலப் பார் போதுமானது. 16 அங்குலம் எல்லை. பெட்ரோல் வாளாயின், 30 முதல் 40 சிசி வரையுள்ள எஞ்சின் இந்த நீளத்துக்குப் பொருந்தும்.

ஆனால் விளம்பரங்களில் நீங்கள் காண்பது யாது? 58 சிசி, 22 அங்குலம் என்று பெரிய எழுத்தில் போட்டு, சிறியதைவிடக் குறைந்த விலையும் போட்டிருப்பார்கள். இங்கேதான் பலர் வழுக்குகின்றனர். நீண்ட பாரின் மூக்கு கனக்கிறது. கூடுதலான பற்களைத் தீட்ட வேண்டியிருக்கிறது. எல்லாவற்றிற்கும் மேலாக, கட்டைக்கு அப்பால் நீண்டு நிற்கும் முனை எதில் தொடுகிறது என்பது அறுப்பவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. எங்கள் தெருவில் ஒருவர் அத்தகைய வாளை வாங்கி, ஒரு வாரம் அறுத்து, சோற்றுக் கவளத்தை வாய்க்குக் கொண்டுபோகக் கை நடுங்கிய பின்னர் அதனை மாட்டுக்கொட்டகைப் பரணில் ஏற்றிவிட்டார். அவர் நல்லூழ் உடையவர்.

அவரை ஏன் நல்லூழ் உடையவர் என்கிறேன் என்பதை விளக்க வேண்டும். பாரின் மூக்கில் சங்கிலி மேலிருந்து கீழாக வளைந்து திரும்புகிறது. அம்மூக்கின் மேற்பாதி ஒரு கட்டையையோ கிளையையோ தொட்டால், பல் அங்கே அறுக்க இயலாமல் மாட்டிக்கொள்கிறது. ஓடும் சங்கிலியின் விசை எங்கே போகும்? நியூட்டனின் மூன்றாம் விதியை நீங்கள் படித்திருக்கிறீர்கள். மரம் அறுபடாமல் நிற்க, பார் முழுவதும் மேல்நோக்கியும் பின்நோக்கியும் எறியப்படுகிறது. அதாவது, அறுப்பவரின் முகத்தையும் கழுத்தையும் நோக்கி. தொழிலாளர் இதனை ‘மிஷின் உதைக்கும்’ என்பர். கண்ணிமைக்கும் நேரத்துக்குள் இது நடந்து முடிந்துவிடும். “நான் பார்த்துக்கொள்வேன்” என்னும் வீரம் இங்கே செல்லாது. மூளை அறிந்து கைக்கு ஆணையிடுமுன் எல்லாம் முடிந்திருக்கும்.

இதற்கென்றே அமைந்தது சங்கிலித் தடை. ‘செயின் பிரேக்’ என்று கேளுங்கள். முன்கைப்பிடிக்கு எதிரே கேடயம்போல் ஒரு தகடு நிற்கும். வாள் உதைக்கும்போது இடக்கையின் மணிக்கட்டு அத்தகட்டில் மோத, அல்லது உதைப்பின் வேகத்தாலேயே அத்தகடு முன்னே சாய, உள்ளேயுள்ள எஃகுப் பட்டை சுழலும் உருளையை இறுக்கிப் பிடித்துச் சங்கிலியை நொடியின் சிறு பகுதிக்குள் நிறுத்திவிடும். 1970களின் தொடக்கத்தில் பெரிய நிறுவனங்கள் இதனைப் புகுத்தின. கடையில் எஞ்சினை ஓட்டாமலேயே நீங்கள் இதைச் சோதிக்கலாம். கையுறை அணிந்துகொண்டு அத்தகட்டை முன்னே தள்ளுங்கள். ‘டக்’ என்று ஓசை கேட்க வேண்டும். பிறகு சங்கிலியைக் கையால் இழுத்தால் அது அசையக் கூடாது. தகட்டைப் பின்னே இழுத்தால் சங்கிலி மீண்டும் நகர வேண்டும். தகடு வெறும் அலங்காரமாக நிற்கும் வாளும் உண்டு. அதனை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வாங்க உடன்படாதீர்கள். தந்தையாரிடம் பணிவாக, ஆனால் உறுதியாக, மறுத்துப் பேச வேண்டிய இடம் இது ஒன்றே.

அத்துடன் இன்னும் இரண்டைப் பாருங்கள். விசையை அழுத்துமுன் உள்ளங்கையால் அழுத்த வேண்டிய பூட்டு ஒன்று பின்கைப்பிடியில் இருக்க வேண்டும். அது இல்லையேல், ஒரு சுள்ளி விசையில் மாட்டினாலும் சங்கிலி ஓடத் தொடங்கிவிடும். சங்கிலி அறுந்தால் அதைப் பிடித்துக்கொள்ளும் கொக்கி ஒன்று அடியில் இருக்க வேண்டும்.

இனி, எதனால் ஓடும் வாள் என்னும் கேள்வி. கம்பி வழியே மின்சாரம் கொள்ளும் வாள், வீட்டையொட்டி விறகு அடுக்கியிருப்போருக்கு ஏற்றது. விலையும் பராமரிப்பும் குறைவு. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 2000 வாட் வாளை 230 வோல்ட்டில் ஓட்டினால் ஏறத்தாழ 8.7 ஆம்பியர் மின்னோட்டம் பாய்கிறது. மின்விசிறிக்கு உரிய 6 ஆம்பியர் செருகுவாய் இதற்கு உதவாது. 16 ஆம்பியர் வேண்டும். மெல்லிய நீண்ட கம்பியை இணைத்தால் அது சூடேறும், வாளின் வலிமையும் குன்றும். ஈரத்தரையில் இதனை ஓட்டவே கூடாது.

மின்கலத்தால் ஓடுவனவற்றுக்கும் கணக்கு உண்டு. 36 வோல்ட், 4 ஆம்பியர்-மணி என்று எழுதியிருந்தால், இரண்டையும் பெருக்க 144 வாட்-மணி வரும். அறுக்கும்போது 1000 வாட் இழுக்கும் வாளுக்கு அது 9 நிமிடம்கூட நில்லாது. ஆயினும் இடைவிட்டு இடைவிட்டே அறுக்கிறோமாதலால், கிளை கழிப்பதற்கும் ஒரு வாரத்து அடுப்பு விறகுக்கும் போதும். புகையில்லை, இரைச்சலும் குறைவு. அந்த அமைதியில்தான் ஓர் ஆபத்தும் இருக்கிறது. பெட்ரோல் வாள் உறுமித் தன்னை அறிவித்துக்கொள்ளும். இதுவோ சாதுபோல் கிடந்து, பூட்டும் விசையும் அழுந்தியவுடன் ஓடும். சங்கிலியைத் தொடுமுன் மின்கலத்தைக் கழற்றிவிட வேண்டும். 4 அங்குலம், 6 அங்குலம் என்று ஒரு கையால் பிடிக்கும் குட்டி வாள்களும் இப்போது வருகின்றன. அவை தீமையில்லாத விளையாட்டுப் பொருள்கள்போல் தோன்றுவதை நான் விரும்பவில்லை. ஒரு கையில் வாளைப் பிடித்தவர், மறு கையால் அறுபடும் கிளையைப் பிடிக்கவே செய்வார். விரல் அங்கேதான் இருக்கிறது.

பெட்ரோல் வாள் தோப்புக்கு உரியது. இரட்டை வீச்சு எஞ்சினாதலால், பெட்ரோலுடன் அதற்குரிய எண்ணெயைக் கலந்தே ஊற்ற வேண்டும். 50க்கு 1 என்று கையேடு சொன்னால் லிட்டருக்கு 20 மில்லிலிட்டர். 25க்கு 1 என்றால் 40 மில்லிலிட்டர். கலக்காமல் ஊற்றினால் பிஸ்டன் இறுகி எஞ்சின் பாழாகும். இன்று கிடைக்கும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. அது ஈரத்தை ஈர்க்கும். ஆதலின் மாதக்கணக்கில் தொட்டியில் விட்டுவைக்கலாகாது. கொல்லை விறகுக்கு மின்சார வாளே சாலும் என்பதும், தோப்பில்லாதவர் பெட்ரோல் வாளை நாட வேண்டுவதில்லை என்பதும் என் கருத்து.

பெட்ரோல் வாளின் இரைச்சல் அறுப்பவர் காதில் 100 டெசிபெலைத் தாண்டும். 85 டெசிபெல் ஒலியை நாளொன்றுக்கு 8 மணி நேரம் கேட்கலாம் என்றும், 3 டெசிபெல் ஏறுந்தோறும் அந்நேரம் பாதியாகிறது என்றும் அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனம் வரையறுத்திருக்கிறது. அவ்வாறாயின் 100 டெசிபெலில் எவ்வளவு நேரம்? ஐந்து முறை பாதியாக்குங்கள்: 15 நிமிடம். காதுக்கவசம் ஆடம்பரமன்று. கண்ணுக்குக் கண்ணாடியும் காலுக்கு மூடிய காலணியும் அவ்வாறே. மடித்துக் கட்டிய வேட்டி, தோளில் தொங்கும் துண்டு ஆகியவற்றோடு இவ்வாளின் அருகே எவரையும் விடாதீர்கள். 18 வயது நிரம்பாத நீங்களும் அருகே செல்லாதீர்கள்.

அறுக்கப்படும் மரத்தைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். தொல்காப்பியத்தின் மரபியல், புறத்தே வைரம் உடையவற்றைப் புல் என்றும், அகத்தே வைரம் உடையவற்றை மரம் என்றும் பகுத்திருக்கிறது. புறக்காழ், அகக்காழ் என்பன அங்கு ஆளப்பெறும் சொற்கள். தென்னையும் பனையும் புறக்காழ். வாளைப் பிடித்தவர் இதனைக் கையாலேயே உணரலாம். சாய்ந்த தென்னையின் வெளிப்புறத்தில் சங்கிலி திணறும். நடுவே சென்றதும் வழுக்கிக்கொண்டு இறங்கும். நாரும் வைரமும் செறிந்த அப்புறப்பகுதி பற்களை விரைவில் மழுக்கிவிடும். வேம்பும் புளியும் கருவேலமும் அகக்காழ். உள்ளே செல்லச் செல்லக் கடுமை. தென்னை மிகுந்த வீட்டார், வாளுடன் கூடவே மாற்றுச் சங்கிலி ஒன்றையும் வாங்கிவிடுவது நலம்.

வீட்டு மரத்தில் ஆணிகள் இருக்கும். துணி உலர்த்தக் கட்டிய கம்பி, ஊஞ்சலுக்கு அடித்த கொக்கி ஆகியவற்றை மரம் காலப்போக்கில் விழுங்கிப் பட்டையால் மூடிக்கொள்ளும். வீட்டு முதியவர்களைக் கேட்டால் எவ்விடத்தில் ஊஞ்சல் ஆடியது என்று சொல்லுவார்கள்.

கிளையைக் கழிக்கும்போது மரத்தையும் எண்ண வேண்டும். ஒரே மூச்சில் மேலிருந்து அறுத்தால், கிளை பாதியில் முறிந்து, அடிமரத்துப் பட்டையையும் உரித்துக்கொண்டு விழும். நீண்டு நிற்கும் கிளையில் மேற்புறம் இழுபட்டும் அடிப்புறம் நெரிபட்டும் நிற்பதே காரணம். ஆதலின் அடிமரத்திலிருந்து ஓரடி தள்ளி, முதலில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு அறுக்க வேண்டும். பிறகு அதற்குச் சற்று வெளியே மேலிருந்து அறுத்தால் கிளை பட்டையைக் கிழிக்காமல் விழும். எஞ்சிய குச்சியை மூன்றாவதாக நீக்க வேண்டும். அதை எவ்விடத்தில் அறுப்பது? கிளை அடிமரத்தோடு சேருமிடத்தில் கழுத்துப்பட்டிபோல் ஒரு புடைப்பு இருக்கும். அதனைச் சிதைக்காமல், அதற்கு வெளியே அறுக்க வேண்டும். மரம் தன் புண்ணை மூடிக்கொள்ளும் ஆற்றல் அப்புடைப்பில் இருக்கிறது என்பதை அமெரிக்க மரநூல் அறிஞர் அலெக்ஸ் ஷைகோ, ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்காக அறுத்துப் பார்த்து விளக்கினார். அடிமரத்தோடு ஒட்ட மழித்துவிடுவது அழகென்று நினைப்பவர் நம்மிடையே பலர் உளர். மரத்தின் கண்ணோட்டத்தில் அது கொடுமை.

இம்மூன்று வெட்டுகளையும் ஏணிமேல் நின்று சங்கிலி வாளால் செய்வது கூடவே கூடாது. இரு கையாலும் பிடிக்க வேண்டிய வாள் அது. ஏணியைப் பிடிக்க மூன்றாம் கை எவருக்கும் இல்லை. தோளுக்கு மேலே வாளை உயர்த்துவதும் தகாது. எட்டாத கிளைக்கு நீண்ட கழியில் பொருத்திய கைவாள் உண்டு. மின்கம்பியை ஒட்டிய கிளையாயின், மின்வாரியத்தாரிடம் சொல்லி மின்னோட்டத்தை நிறுத்திய பின்னரே எவரும் அதனைத் தொட வேண்டும்.

கீழே விழுந்த கட்டையை அறுக்க, பெருக்கல் குறியின் வடிவில் கட்டைகளை இணைத்து ஒரு தாங்கி செய்துகொள்ளுங்கள். சங்கிலி மண்ணைத் தொடாது. மூக்கும் அடுத்த கட்டையில் இடிக்காது. மண்ணை ஒருமுறை தொட்டாலும் பல் மழுங்கும். பல் கூராக இருக்கிறதா என்பதை வாளே சொல்லும். கூரான சங்கிலி மரத்தைச் சீவல்களாக உதிர்க்கும். மழுங்கிய சங்கிலி மாவுபோல் தூளாக்கும். தூள் விழக் கண்டால் உடனே நிறுத்தி அரத்தை எடுக்க வேண்டும். மழுங்கிய வாளை அழுத்திப் பிடிப்பவரே பெரிதும் காயமுறுகின்றனர். உருண்டை அரத்தால், பெரும்பாலான சங்கிலிகளுக்கு 30 பாகைச் சாய்வில், உள்ளிருந்து வெளியே ஒரே திசையில் இரண்டு மூன்று முறை தேய்த்தால் போதும். எல்லாப் பற்களுக்கும் ஒரே எண்ணிக்கை. இல்லையேல் வாள் ஒரு பக்கமாக வளைந்து அறுக்கும். சங்கிலிக்கென எண்ணெய் ஊற்றும் தொட்டி தனியே இருக்கிறது. பெட்ரோல் நிரப்பும்போதெல்லாம் அதனையும் நிரப்ப வேண்டும். ஓடும் வாளின் முனையை ஒரு வெள்ளைத் தாளுக்கு மேலே சற்று உயர்த்திப் பிடித்தால், தாளில் எண்ணெய்க் கோடு விழ வேண்டும்.

மாற்றுச் சங்கிலி வாங்கச் செல்லும்போது “14 அங்குல வாளுக்கு ஒரு சங்கிலி” என்று மட்டும் கேட்டால் பொருந்தாதது வந்து சேரும். மூன்று எண்கள் தேவை. அடுத்தடுத்த மூன்று ஆணிகளின் இடைத்தொலைவில் பாதி, பாரின் பள்ளத்தில் ஓடும் கண்ணியின் தடிப்பு, அக்கண்ணிகளின் எண்ணிக்கை. முதலிரண்டும் பெரும்பாலும் பாரின் அடிப்பகுதியில் பொறிக்கப்பட்டிருக்கும், 3/8,.050 என்பனபோல். மூன்றாவதும் பல பார்களில் அங்கேயே இருக்கும். இல்லையேல் எண்ணிக் கொள்ளலாம். புதிதாக வாங்கிய அன்றே, எண்ணெயும் தூளும் அவ்வெழுத்தை மறைக்குமுன், மூன்றையும் வீட்டுக் கணக்கேட்டின் முதற்பக்கத்தில் குறித்து வையுங்கள்.